கழுநீரிலும் அடுப்பு எரியும்: ஒரு கன மீட்டர் பயோகேஸ் கலன் பற்றி என் மதிப்பீடு

நான் கோவை போத்தனூரில் குடியிருக்கிறேன். வீட்டிலேயே இட்லி மாவு அரைத்துச் சுற்றுவட்டாரக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறேன். மாவு அரைக்கும் வீட்டில் என்னென்ன மிஞ்சும் என்பது அரைப்பவர்களுக்குத்தான் தெரியும். அரிசி கழுவிய கழுநீர், உளுந்து ஊறிய தண்ணீர், கிரைண்டரையும் குழவியையும் கழுவிய வெள்ளைத் தண்ணீர், விற்காமல் புளித்துப்போன மாவு. இவற்றோடு ஆறு பேர் சாப்பிடும் சமையலறையின் காய்த்தோல், மிஞ்சிய சோறு, குழம்பு. தண்ணீராக இருப்பதெல்லாம் சாக்கடைக்குப் போகும். கெட்டியாக இருப்பது மாநகராட்சி வண்டிக்குப் போகும்.

ஊர்க் குப்பை போய்ச் சேரும் வெள்ளலூர்க் கிடங்கு எங்களுக்குத் தொலைவில் இல்லை. காற்று திரும்பும் மாலைகளில் அதன் வாடை வீட்டுக்குள் வந்துவிடும். 2024 ஏப்ரலில் அது தீப்பிடித்துப் பல நாள் புகைந்தபோது, சன்னலைச் சாத்திக்கொண்டு வெயிலில் வெந்தோம். மட்கும் குப்பை மலைபோல் குவிந்து, அடியில் காற்றுப் புகாமல் அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. தீ பிடித்தால் அது அணைய விடாது. எரியாமல் காற்றில் கலந்தாலும் கேடுதான்: நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. அதே வாயுவைக் கொல்லைப்புறத்தில் ஒரு கலனுக்குள் பிடித்துவைத்தால் பருப்பு வேகவைக்கலாம். குப்பையைப் பிரித்துக் கொடுங்கள் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. பிரித்துக் கொடுப்பதோடு என் பொறுப்பு தீர்ந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் வாங்கினேன்.

கலனைக் கோடையில் பார்த்தாயிற்று, ஐப்பசி மழையில் பார்த்தாயிற்று, மார்கழிக் குளிரிலும் பார்த்தாயிற்று. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இதே அமைப்பைத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பலர் செய்து விற்கிறார்கள். நான் சொல்லும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை இந்த அமைப்பைச் சார்ந்தவை, யாரிடம் வாங்கினாலும் பொருந்தும்.

முதலில் பொருள் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கண்ணாடியிழையால் செய்த இரண்டு பீப்பாய்கள். கீழே இருப்பது செரிகலன், ஒரு கன மீட்டர், அதாவது ஆயிரம் லிட்டர். அதன்மேல் கவிழ்த்துவைத்த இன்னொரு பீப்பாய் மிதக்கிறது. உள்ளே வாயு சேரச் சேர மேல் பீப்பாய் எழும்பும், அடுப்பைப் பற்றவைத்தால் மெல்ல இறங்கும். எவ்வளவு வாயு இருக்கிறது என்பதைச் சமையலறைச் சன்னலில் இருந்தே கண்ணால் அளந்துவிடலாம். இந்த ஒரு வசதிக்காகவே நான் பலூன் வகையை விட்டு மிதவை வகையை எடுத்தேன். ஜஷ்பாய் படேல் வடிவமைத்து, 1960-களில் காதி கிராமத் தொழில் ஆணையம் நாடெங்கும் பரப்பிய சாண எரிவாயுக் கலனின் வழிவந்ததுதான் இது. அன்று இரும்புப் பீப்பாய், துருப்பிடித்து ஓட்டையாகும், ஆண்டுதோறும் வண்ணம் பூச வேண்டும். இன்று கண்ணாடியிழை என்பதால் அந்தத் தொல்லை இல்லை. அந்தக் காலத்துக் கலன் மாட்டுச் சாணத்தை மட்டுமே நம்பியிருந்தது. பின்னர் புனேயில் ஆனந்த் கார்வே ‘ஆர்த்தி’ நிறுவனத்தில் சமையலறைக் கழிவுக்கான சிறு கலனை உருவாக்கினார். கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரம் ‘சக்தி சுரபி’ என்ற கலனை நம் பக்கத்துக்குக் கொண்டுவந்தது. இப்போது கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இவற்றின் உடன்பிறப்புகளே.

அடுப்பு, குழாய், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்தேன்.

பொருத்த வந்த தம்பிகள் நன்றாக வேலை செய்தார்கள். இடம் தேர்ந்ததில் அவர்கள் காட்டிய கவனத்தைப் பாராட்ட வேண்டும். வேப்பமர நிழலில் வைக்கலாம் என்று நான் சொன்னபோது, “வேண்டாம் அக்கா, வெயில் படட்டும். உள்ளே இருக்கிற உயிர்களுக்குச் சூடு வேண்டும்” என்று கிழக்குச் சுவரோரம் மாற்றினார்கள். அது சரியான யோசனை. மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் 35 டிகிரி வாக்கில் சுறுசுறுப்பாக இருக்கும், குளிர்ந்தால் சோம்பிவிடும். மார்கழியில் எனக்கு வாயு கண்கூடாகக் குறைந்தது. கரைசலை வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி ஊற்றியதால் அடுப்பு நிற்காமல் தப்பித்தது. நிழலில் வைத்திருந்தால் அந்த மாதம் அடுப்பே எரிந்திருக்காது.

தொடக்கத்தில் கலனைச் சாணக் கரைசலால் நிரப்ப வேண்டும். சாணமும் தண்ணீரும் சரிபாதி. ஒரு வாளிச் சாணத்தில் வேலை முடிந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள், நூற்றுக்கணக்கான கிலோ வேண்டும். இரண்டு தெரு தள்ளி மாடு வளர்க்கும் பெரியவர் ஒருவர் மூன்று சக்கர வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். முதலில் எழும் வாயுவில் காற்று கலந்திருக்கும், எரியாது, பற்றவைத்துப் பார்க்கவும் கூடாது. காற்றோடு 5 முதல் 15 விழுக்காடு மீத்தேன் கலந்தால் வெடிக்கும். முதல் நிரப்பை அப்படியே வெளியேற்றிவிட வேண்டும் என்பதைத் தம்பிகள் சொல்லிவிட்டுப் போனார்கள். இதைக் கையேட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்க வேண்டும். எங்கோ உள்பக்கத்தில் ஒரு வரியாக இருக்கிறது. பொதுவாக இரண்டு மூன்று வாரத்தில் எரியத் தொடங்கும். எனக்கும் அப்படித்தான் தொடங்கியது.

சுடர் நல்ல நீலம். சிலிண்டர் அடுப்பின் சீற்றம் இருக்காது. ஓசையில்லாமல், சற்று நெட்டையாக எரியும். காரணம் எளிது. பயோகேஸில் மீத்தேன் 55 முதல் 65 விழுக்காடுதான், மீதியில் பெரும்பகுதி எரியாத கரியமில வாயு. மிதவைக் கலனில் அழுத்தமும் குறைவு. அதனால்தான் இதற்கென்று தனி அடுப்பு தருகிறார்கள், வாயு வரும் துளை அகலமாக இருக்கும். நம் சிலிண்டர் அடுப்பில் இணைத்தால் எரியவே எரியாது. என் அனுபவத்தில் மேல் பீப்பாயின் தலையில் இரண்டு செங்கல்லைச் சமமாக எதிரெதிரே வைத்தபின் சுடர் தெம்பாக வந்தது. ஒரு பக்கமாக வைத்தால் பீப்பாய் சாய்ந்து உரசும்.

எவ்வளவு நேரம் எரியும்? விற்கும்போது “தினமும் மூன்று மணி நேரம்” என்றார்கள். எனக்கு ஒன்றேகால் மணி நேரம், நல்ல வெயில் நாளில் ஒன்றரை மணி நேரம் எரிகிறது. இது கலனின் குறை இல்லை, விற்பவரின் வாய். கணக்கு நமக்கே தெரிந்துவிடும். ஒரு கிலோ ஈரமான உணவுக் கழிவிலிருந்து ஏறத்தாழ 100 லிட்டர் வாயு எதிர்பார்க்கலாம். ஒரு கிலோ மாட்டுச் சாணத்திலிருந்து 40 லிட்டர். அடுப்பு மணிக்கு 300 லிட்டர் அளவில் குடிக்கும். நாளுக்கு நான்கு கிலோ கழிவு போடும் வீட்டில் மூன்று மணி நேரம் எங்கிருந்து வரும்? ஒன்றேகால் மணி நேரமே பெரிய காரியம்தான். காலையில் காபி, இட்லி, மதியத்துக்குப் பருப்பும் ஒரு பொரியலும் அதில் முடிகின்றன. உண்மையைச் சொல்லி விற்றாலே வாங்குவதற்கு ஆள் இருக்கும்போது எதற்காக இப்படி இருமடங்கு சொல்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

இனி மனத்தில் கனமாக இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அது கலனின் தீனி.

கையேட்டில், “சமையலறையில் மிஞ்சும் எல்லா உணவுப் பொருள்களும், நாளொன்றுக்கு ஐந்து கிலோ வரை” என்று எழுதியிருந்தது. தொலைபேசியில் கேட்டபோதும், “நீங்கள் மாவு வியாபாரம் செய்கிறீர்களா, அப்படியானால் உங்களுக்கு வாயு கொட்டும்” என்றார்கள். மாவும் கழுநீரும் சோறும் அந்த அளவுக்கு உட்பட்டே போயின. முதலில் உண்மையாகவே கொட்டியது. மேல் பீப்பாய் காலையில் விளிம்புவரை எழுந்து நிற்கும். பிறகு ஒரு வாரம் வினோதமாக இருந்தது. பீப்பாய் எழும்புகிறது, ஆனால் அடுப்பு பற்றவில்லை. தீக்குச்சியைக் காட்டினால் ஒரு கணம் நீலம் தெரிந்து அணைந்துவிடும். வெளியேறும் கரைசல் வழக்கமான கருமை மாறிச் சாம்பல் நிறமாகி, வாந்தி நாற்றம் அடித்தது. என் மகளின் பள்ளி ஆய்வகத் தாளை நனைத்துப் பார்த்ததில் அமிலம் என்று காட்டியது.

நிறுவனத்தை அழைத்தால், “வெயில் வந்தால் சரியாகிவிடும்” என்றார்கள். சாணம் கொடுத்த பெரியவர்தான் வந்து பார்த்தார். மூடியைத் திறந்து முகர்ந்த உடனே சொன்னார்: “அம்மணி, மாட்டுக்கு அரிசிச் சோற்றை அள்ளிப் போட்டால் வயிறு உப்பிச் சாகும். இதற்கும் அதே நோய்தான். தீனியை நிறுத்துங்கள், சாணத்தைக் கரைத்து ஊற்றுங்கள்.”

அவர் சொன்னது வெறும் உவமையாக இல்லை என்பது பிறகு படித்தபோது புரிந்தது. கலனுக்குள் வாழும் நுண்ணுயிர்கள் மாட்டின் வயிற்றில் இருந்து சாணத்தோடு வந்தவைதாமே. வேலையும் அதே வரிசையில்தான் நடக்கிறது. ஒரு கூட்டம் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவற்றை உடைத்துக் கரைக்கும். இன்னொரு கூட்டம் அதை அமிலமாக்கும். கடைசிக் கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேனாக்கும். அமிலமாக்கும் கூட்டம் வேகமானது, மீத்தேன் கூட்டம் மெதுவானது, நாசூக்கானது. கரைசல் நடுநிலைக்குப் பக்கத்திலேயே, 6.8 முதல் 7.4 வரையான கார அமில அளவில் இருந்தால்தான் பிழைக்கும். சோறும் மாவும் நொடியில் கரைந்து அமிலமாகும் பொருள்கள். அளவுக்கு மீறினால் அமிலம் குவியும், மீத்தேன் கூட்டம் ஒடுங்கும், அது ஒடுங்கியதால் அமிலம் இன்னும் குவியும். அப்போது வரும் வாயுவில் கரியமில வாயுதான் மிகுதி. பீப்பாய் எழும்பியும் அடுப்பு எரியாததற்குக் காரணம் அதுதான்.

தீனியை அடியோடு நிறுத்தினேன். சாணக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். பெரியவர் சொன்னபடி வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளிந்ததை மட்டும் ஓரிரு முறை சேர்த்தேன். அதற்கு மேல் வேண்டாம் என்று அவரே தடுத்துவிட்டார். கரைசல் மீண்டும் கறுத்தது, நாற்றம் போனது, சுடர் திரும்பியது. அன்று முதல் அந்தக் கலன் நின்றதில்லை.

இப்போது என் வீட்டுக் கணக்கு இது. தினமும் காலையில் ஒரு வாளி. பாதிக்கு மேல் காய்த்தோல், கீரைத்தண்டு, வாழைப்பழத் தோல், எல்லாம் விரல்நுனி அளவுக்கு நறுக்கியவை. மிஞ்சிய சோறும் புளித்த மாவும் சேர்ந்து வாளியில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. கரைப்பதற்குக் குழாய்த் தண்ணீருக்குப் பதிலாகக் கழுநீர். வாரம் இருமுறை ஐந்து கிலோ சாணம் கரைத்து ஊற்றுகிறேன். எல்லாம் சேர்ந்து நாளுக்கு 20 லிட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். அப்போதுதான் உள்ளே போனது ஏறத்தாழ 50 நாள் தங்கிச் செரிக்கும்.

சாணத்தையும் கழிவையும் கலந்து போடுவதில் இருக்கும் நன்மையை விற்பவர்கள் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. “எங்கள் கலனுக்குச் சாணமே தேவையில்லை” என்பதைத்தான் பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள். நகரத்துக்காரர்கள் சாணம் என்றால் முகம் சுளிப்பார்கள் என்ற பயம் போலும். சாணம் தனியாகக் குறைவான வாயு தரும், உண்மை. மாடு ஏற்கெனவே சத்தை எடுத்துக்கொண்டு விட்டதுதானே. உணவுக் கழிவு தனியாக நிறைய வாயு தரும், ஆனால் சட்டென்று புளிக்கும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும். சாணம் அமிலத்தைத் தாங்கும் வலுவைக் கொடுக்கிறது, புதிய நுண்ணுயிர்களைக் கொண்டுவருகிறது. நிக்கல், கோபால்ட் போன்ற நுண்சத்துகளையும் தருகிறது. வெறும் உணவுக் கழிவில் ஓடும் கலன்கள் நாளடைவில் இவை போதாமல் தளர்கின்றன என்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன. கரிமச்சத்தும் தழைச்சத்தும் 20-க்கு ஒன்று முதல் 30-க்கு ஒன்று வரை இருப்பது நல்லது. சாணம் ஏறக்குறைய அந்த அளவிலேயே இருக்கும். கோழி எச்சத்தில் தழைச்சத்து மிகுதி, மரத்தூளில் கரிமச்சத்து மிகமிக மிகுதி. ஆகவே இரண்டையும் நான் போடுவதில்லை.

போடக் கூடாதவை இன்னும் உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் உள்ள எண்ணெய் நுண்ணுயிர்களுக்கு நஞ்சு. முட்டை ஓடு, எலும்பு, தேங்காய் நார் செரிக்காமல் அடியில் தங்கும். முருங்கைச் சக்கை மேலே மிதந்து ஆடை கட்டும், அது கட்டியானால் வாயு மேலே வர வழியில்லாமல் போகும். தினமும் மேல் பீப்பாயைக் கைப்பிடித்து அப்படியும் இப்படியும் அரைச் சுற்றுத் திருப்பினால் ஆடை உடையும். என் மாமியார் காலையில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் போகும்போது அதைச் செய்துவிடுவார். ஊறுகாய், பொரித்த எண்ணெய், சோப்புத் தண்ணீர், பினாயில் எதுவும் அண்டக் கூடாது. கிரைண்டர் கழுவிய தண்ணீர் பிடிக்கும் குண்டானைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பதையே நிறுத்திவிட்டேன், அதற்குச் சாம்பலும் நாரும்தான்.

இனிக் கலனோடு தராமல் விட்டவை. வாயுவில் நீராவி கலந்திருக்கும். குழாயில் போகும் வழியில் குளிர்ந்து தண்ணீராகும், குழாய் தாழ்வாக இருக்கும் இடத்தில் தேங்கி அடைக்கும். அடுப்பு விட்டுவிட்டு எரிந்தால் இதுதான் காரணம். தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடிக்க ஒரு கிளைக் குழாயும் திருகும் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. பக்கத்துக் குழாய்ப் பணியாளரை அழைத்து நானே வைத்துக்கொண்டேன். சில நூறு ரூபாய்ச் செலவுதான், அதை நிறுவனமே செய்திருக்கலாம்.

இரண்டாவது, அழுகிய முட்டை வாடை வீசும் ஹைட்ரஜன் சல்பைடு. அளவில் கொஞ்சம்தான், ஆனால் பித்தளைத் திருகைக் கறுப்பாக்கி அரித்துவிடும். என் அடுப்பின் திருகு இறுகிப்போய் மாற்ற வேண்டியதாயிற்று. கோவையில் இருப்பவர்களுக்கு இதற்கு வழி மிக எளிது. எந்த லேத் பட்டறையிலும் இரும்புச் சுருள் கேட்டால் தருவார்கள். அதைத் தண்ணீர் தெளித்துத் துருப்பிடிக்கவிட்டு, ஒரு முழ நீளப் பிளாஸ்டிக் குழாய்க்குள் தளர்வாக நிரப்பி, வாயு அதன் வழியாகப் போகும்படி இணைத்தால் கந்தகம் துருவோடு பிணைந்துவிடும். துரு பிடிக்காத எவர்சில்வர் நாரில் இது நடக்காது. கறுத்த சுருளை வெளியே எடுக்கும்போது மட்டும் கவனம் தேவை: காற்றுப் பட்டால் தானாகவே சூடேறும். நான் தண்ணீரில் போட்டுத்தான் எடுக்கிறேன். இதை வைத்தபிறகு சமையலறையில் வாடையே இல்லை.

மூன்றாவது கொசு. இரண்டு பீப்பாய்களுக்கும் இடையே தண்ணீர் நிற்கும் வளையம் ஒன்று உண்டு. கரைசல் வெளிக்காற்றில் படாமல் இருக்கவும் வாடை வராமல் இருக்கவும் அது நல்ல ஏற்பாடு. ஆனால் நிற்கும் நல்ல தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. தமிழ்நாட்டில் விற்கும் பொருளுக்கு இதைவிட அலட்சியம் வேறென்ன இருக்க முடியும்? நான் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன்கள் சிலவற்றை வாங்கி விட்டிருக்கிறேன். கோடையில் வளையத்தில் தண்ணீர் வற்றும், குறையும்போது ஊற்ற வேண்டும்.

விற்பனைக்குப் பிந்திய சேவையைப் பற்றி இதற்குள் உங்களுக்கே புரிந்திருக்கும். பொருத்தும்வரை நல்ல கவனிப்பு. பணம் முழுதும் போய்ச் சேர்ந்தபின், அழைத்தால் எடுக்கிறார்கள், பொறுமையாகப் பேசுகிறார்கள், ஆனால் உள்ளே நடப்பது என்ன என்று தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை. பீப்பாயில் விரிசல் வந்தால் மாற்றித் தருவார்கள் என்று எழுத்தில் இருக்கிறது. எனக்கு விரிசல் வரவில்லை, கண்ணாடியிழை உறுதியாகத்தான் இருக்கிறது. பழுதாவது பெரும்பாலும் பீப்பாய் இல்லை, உள்ளே இருக்கும் உயிர். அதற்கு வைத்தியம் சொல்ல ஒருவரை நிறுவனம் அமர்த்தியிருக்க வேண்டும். மாடு வளர்க்கும் பெரியவரிடம் இருந்த அறிவு, இந்தக் கலனை விற்றே பிழைக்கும் நிறுவனத்திடம் இல்லாதது எனக்கு வருத்தம்.

வெளியேறும் கரைசல்தான் நான் எதிர்பாராத பெரும் பேறு. உள்ளே எத்தனை லிட்டர் ஊற்றுகிறோமோ அத்தனை லிட்டர் மறுபக்கம் வழிந்து வரும். நன்றாகச் செரித்திருந்தால் கறுப்பாக, நீர்த்த கூழ்போல, மண்வாடையோடு இருக்கும், ஈ மொய்க்காது. தழைச்சத்து செடி உடனே எடுத்துக்கொள்ளும் வடிவில் இருப்பதால் நேராக ஊற்றினால் வேர் கருகலாம். மூன்று பங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றுகிறேன். கொல்லையில் பல ஆண்டுகளாகக் குச்சியாக நின்ற கறிவேப்பிலை இப்போது மதில்சுவரைத் தாண்டிவிட்டது. கடைக்கு மாவு கொடுக்கும்போது ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் சேர்த்துக் கொடுக்கிறேன். மீதிக் கரைசலைச் சாணம் தரும் பெரியவரே தன் சோளத் தட்டுக்காட்டுக்கு எடுத்துப் போகிறார். சாணத்துக்கு அவர் காசு வாங்குவதில்லை.

பணக் கணக்கு கேட்பவர்களுக்கு: ஒரு கன மீட்டர் பயோகேஸ் ஏறத்தாழ 0.45 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். எனக்கு நாளுக்கு 0.4 கன மீட்டர் வருகிறது என்று வையுங்கள். ஆண்டுக்கு 65 கிலோ போல மிச்சம், அதாவது 14.2 கிலோ சிலிண்டர் நாலரை. சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 4,000 ரூபாய்தான். போட்ட முதல் திரும்ப ஏழு ஆண்டுக்கு மேல் ஆகும். “இரண்டே ஆண்டில் முதல் திரும்பும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மத்திய அரசின் பயோகேஸ் திட்டத்தில் மானியம் தந்து வந்தார்கள், விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள், பொருத்திய பிறகு கேட்டால் பயனில்லை. சேமிப்புக்காக மட்டும் என்றால் இந்தப் பணத்தை வேறு எதிலாவது போடலாம். என் வீட்டில் இருந்து ஈரக்குப்பை வண்டியேறுவது நின்றுவிட்டது, கழுநீர் சாக்கடைக்குப் போவதில்லை. எனக்கு அதற்கும் சேர்த்துத்தான் விலை.

யார் வாங்கலாம் என்றால், தினமும் வீட்டில் சமைப்பவர்கள், வெயில் படும் தரை இடம் இருப்பவர்கள், வெளியேறும் கரைசலை ஊற்றச் செடியோ மரமோ இருப்பவர்கள், நடந்துபோகும் தூரத்தில் ஒரு மாடாவது இருப்பவர்கள். சிறு உணவு விடுதி, விடுதிச் சமையல், என்னைப்போல மாவு அரைப்பவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும். அடுக்குமாடி வீட்டு மொட்டை மாடியில் வைக்க நினைப்பவர்கள் முதலில் கட்டடப் பொறியாளரைக் கேளுங்கள், நிரம்பிய கலன் ஒரு டன் எடைக்கு வரும். தினமும் 20 லிட்டர் கரைசலை அங்கே என்ன செய்வீர்கள் என்பதையும் யோசியுங்கள். இரண்டு பேர் மட்டும் இருந்து, பாதி நாள் வெளியே சாப்பிடும் வீட்டுக்கு இது வேண்டாம். பட்டினி போட்டால் உள்ளே இருப்பவை தளர்ந்துவிடும், ஊர் திரும்பியதும் மொத்தமாகக் கொட்டினால் புளித்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு மண்பானை உரத்தொட்டியே போதும்.

கலனுக்கு ஐந்தில் நாலரை மதிப்பெண் தருவேன். அடுப்புக்கு மூன்றரை. கையேட்டுக்கும் சேவைக்கும் ஒன்றரைக்கு மேல் தர மனம் வரவில்லை. வாங்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரிடம், “சோறு அதிகமாகிப் புளித்துப்போனால் என்ன செய்ய வேண்டும்?” என்று கேளுங்கள். சாணம், சுண்ணாம்பு, தீனி நிறுத்தம் என்று பதில் வந்தால் அவரிடம் வாங்கலாம். வெயில் வந்தால் சரியாகிவிடும் என்றால், வேறு கடை பாருங்கள்.